கெர்னல் டிரைவரில் சென்சார் வாசிப்பை வேகமாக்குவது: வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கெர்னலுக்கு ஐ2சி (இரண்டே ஒயரில் சிப்கள் பேசிக்கொள்ளும் பஸ்) டிரைவர் ஒன்றாவது எழுதிப் பார்த்தவர்களுக்கானது இது. டிரைவர் ஓடுகிறது, அளவும் வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது. அங்கிருந்து எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன். மதுரையில் எங்களிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியவை எல்லாமே தெரிந்திருக்கும், வரிசைதான் தெரியாது. வந்ததும் பஸ் கிளாக்கை ஏற்றுவார்கள், அதில் சரிவராவிட்டால் த்ரெட் போடுவார்கள். நேரம் உண்மையில் எங்கே போகிறது என்று கடைசியில்தான் பார்ப்பார்கள்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை அனுப்புகிறவரின் குளிர் அறை: அங்கே வெப்பமும் ஈரப்பதமும் வேண்டும். இன்னொன்று, மேலூர்ப் பக்கத்துக் கிணற்று மோட்டார்: அதன் அதிர்வு வேண்டும். இரண்டுக்கும் ராஸ்பெர்ரி பைதான்.

ஃபங்ஷன், ஃபைல் பெயர்களை எல்லாம் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டச்சும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், இடைவெளி உள்ள இடத்தில் கீழ்க்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

1. எவ்வளவு வேகம் வேண்டும் என்று எழுதிவையுங்கள்

இரண்டு எண்கள் வேண்டும். ஒரு அளவைக் கேட்டால் எவ்வளவு நேரத்துக்குள் வரவேண்டும் என்பது முதல் எண். நொடிக்கு எத்தனை அளவு வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதலாவதைக் குறைக்க சென்சாரின் காத்திருப்பைக் குறைக்கவேண்டும். இரண்டாவதைக் கூட்ட, அளவுகளை மொத்தமாக அள்ளவேண்டும்.

பூ அறையின் கதவு திறந்தே கிடந்தாலும் வெப்பம் ஏறுவது நிமிடக் கணக்கில்தான். பத்து விநாடிக்கு ஒரு அளவு தாராளம். நொடிக்கு நூறு தடவை படித்தால் சென்சார் தானே சூடாகி, அந்தச் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும் பிஎம்இ280 சென்சாரின் டேட்டாஷீட்டே வானிலை பார்க்க நிமிடத்துக்கு ஒரு அளவு போதும் என்கிறது. மோட்டார் கதை வேறு. 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் அதிர்வைப் பார்க்கவேண்டுமானால் நொடிக்கு 1000 அளவாவது எடுத்தாகவேண்டும்.

இதை எழுதிவைக்காதவர்கள் பூ அறை டிரைவருக்குப் போய் ஃபைஃபோ (அளவுகளைச் சேர்த்துவைக்கும் சிப்பின் உள் வரிசை) கையாளும் நிரல் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

2. கையில் இருக்கவேண்டியவை

சென்சாரின் டேட்டாஷீட். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டு நிரல் அதற்கு ஈடாகாது. ரெஜிஸ்டர் பட்டியலையும், அளவெடுக்கும் நேரம் சொல்லும் அட்டவணையையும் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் கெர்னலோடு பதிப்பு பொருந்தும் ஹெடர்கள், சீரியல் கன்சோல், சோதனைக்கென்று தனி எஸ்டி கார்டு. கெர்னல் தொங்கினால் எஸ்எஸ்ஹெச் வராது, அப்போது சீரியல் கன்சோல்தான் பேசும். முடிந்தால் ஒரு சின்ன லாஜிக் அனலைசர். விலை மலிவான எட்டு சேனல் ரகமே போதும்.

அப்புறம், கையில் இருப்பது எந்தச் சிப் என்பதை உறுதி செய்யுங்கள். பிஎம்இ280 என்று சொல்லி விற்கும் மாட்யூலில் பல நேரம் பிஎம்பி280 இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் தெரியாத சிப். ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரைப் படியுங்கள். 60 வந்தால் பிஎம்இ280, 58 வந்தால் பிஎம்பி280. இதைப் பார்க்காமல் ஈரப்பதம் ஏன் வரவில்லை என்று டிரைவரைக் குடைந்தவர்கள் நிறையப் பேர்.

3. நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்

ஒரு வாசிப்பின் நேரம் மூன்று இடங்களில் போகலாம். சென்சார் அளவெடுத்து முடிக்கும் வரை காத்திருப்பது, பைட்டுகள் ஒயரில் போய்வருவது, பூட்டுக்காகவோ ஷெட்யூலருக்காகவோ வரிசையில் நிற்பது. பெரும்பாலும் முதல் இரண்டும்தான். சிபியு கணக்குப் போடும் நேரம் இவற்றுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கெர்னலுக்குள் நடப்பதை நேரத்தோடு பதிவு செய்யும் எஃப்டிரேஸில் ஐ2சி நிகழ்வுகளையும், அதன் நெருங்கிய உறவான எஸ்எம்பஸ் நிகழ்வுகளையும் சேர்த்தே இயக்குங்கள். டிரேசிங் அடைவில் இரண்டும் தனித்தனி. ஒன்றை மட்டும் இயக்கிவிட்டு டிரைவர் பஸ்ஸையே தொடவில்லை என்று முடிவுகட்டுவது வழக்கமான பிழை. இயக்கிய பிறகு ஒரே ஒரு அளவைப் படித்து, வரிகளின் நேர முத்திரைகளைப் பாருங்கள். எழுதிய வரிக்கும் பதில் வந்த வரிக்கும் இடையிலுள்ளது ஒயர் நேரம். ஒரு பரிமாற்றம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள இடைவெளியில் டிரைவர் தூங்குகிறது, அல்லது வரிசையில் நிற்கிறது.

சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள், மிக மோசமானதையும் குறியுங்கள். அளக்கும்போது சிபியு வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னரை ஒரே நிலையில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்த மாற்றத்தால் வேகம் கூடியதா, சிபியு விழித்துக்கொண்டதால் கூடியதா என்று தெரியாது.

4. சென்சாருக்குள் ஆகும் நேரத்தைக் குறையுங்கள்

இதை முதலில் செய்யக் காரணம் உண்டு. இங்கே பத்துப் பத்தாக மில்லிசெகண்ட் கிடக்கும், ஒயரில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும்.

பிஎம்இ280-இல் மூன்று அளவுகளுக்கும் ஓவர்சாம்ப்ளிங் (ஒரு அளவுக்கு எத்தனை தடவை எடுத்துச் சராசரி பார்ப்பது) 1 என்றால், அளவெடுக்க அதிகபட்சம் 9.3 மில்லிசெகண்ட். மூன்றையும் 16 ஆக்கினால் 112.8. ஐஐஓ (கெர்னலின் சென்சார் பிரிவு) அடைவில் ஓவர்சாம்ப்ளிங் ரேஷியோ என்று முடியும் ஃபைல்களைத் திறந்து இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பூ அறைக்குக் காற்றழுத்தம் எதற்கு? அதை 1-க்கு இறக்கினாலே பாதி வேலை முடிந்தது.

ஒற்றை ஒயர் வெப்ப சென்சாரான டிஎஸ்18பி20-இல் இது இன்னும் கண்கூடு. 12 பிட்டில் ஒரு அளவுக்கு 750 மில்லிசெகண்ட், 10 பிட்டில் 187.5. துல்லியம் 0.0625 டிகிரியிலிருந்து 0.25 டிகிரியாகும். குளிர் அறைக்கு அது போதும், பிட்டைக் குறைக்க சென்சாரின் ரெசல்யூஷன் ஃபைலில் 10 என்று எழுதினால் ஆயிற்று. ஒரே ஒயரில் எட்டு சென்சார் தொங்கினால் ஒவ்வொன்றாகப் படிக்காதீர்கள், 12 பிட்டில் அது 6 விநாடி. பஸ் மாஸ்டர் அடைவிலுள்ள தெர்ம் பல்க் ரீட் ஃபைலில் டிரிகர் என்று எழுதினால் எல்லாம் ஒரே நேரத்தில் அளவெடுக்கும். அப்புறம் ஒவ்வொன்றின் டெம்பரேச்சர் ஃபைலையும் படித்தால் முடிந்த அளவு உடனே வரும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காத்திருப்பு ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட். வாசிப்புக்கு வாசிப்பு இடைவெளி அதிகமானால் கெர்னல் சென்சாரை உறங்கவைத்துவிடும், அடுத்த தடவை எழுப்பவேண்டும். சாதனத்தின் பவர் அடைவிலுள்ள கன்ட்ரோல் ஃபைலில் ஆன் என்று எழுதிவிட்டு அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஆட்டோசஸ்பெண்ட் தாமதத்தைக் கூட்டுங்கள். பேட்டரியில் ஓடும் போர்டு என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

5. ஒயரில் போகும் பைட்டுகளைக் குறையுங்கள்

ஐ2சியில் ஒரு பைட்டுக்கு 9 கிளாக். ஒரு ரெஜிஸ்டரைத் தனியாகப் படிக்க நான்கு பைட் போகும்: முகவரி, ரெஜிஸ்டர் எண், மறுபடி முகவரி, பிறகு டேட்டா. பிஎம்இ280-இல் எட்டு ரெஜிஸ்டரை இப்படித் தனித்தனியாகப் படித்தால் 32 பைட், 288 கிளாக். 100 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட். ஹெக்ஸ் எஃப்7 முதல் எஃப்இ வரை ஒரே மூச்சில் படித்தால் 11 பைட், 99 கிளாக், 1 மில்லிசெகண்ட். ரெக்மேப் (ரெஜிஸ்டர்களைப் படித்து எழுத கெர்னல் தரும் நூலகம்) பல்க் ரீட் என்ற ஒரே அழைப்பில் இது முடிந்துவிடும்.

வேகத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால், மேல் பைட் பழைய அளவிலிருந்தும் கீழ் பைட் புதிய அளவிலிருந்தும் வரக்கூடும். வரைபடத்தில் எப்போதாவது ஒரு முள் குத்திக்கொண்டு நிற்கும், சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரே மூச்சில் படிக்கும் வரை அந்தப் பைட்டுகள் மாறாமல் சிப்பே பார்த்துக்கொள்கிறது.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. சில சிப்களில் அடுத்தடுத்த ரெஜிஸ்டருக்குத் தானாக நகர, முகவரியின் மேல் பிட்டை ஏற்றவேண்டும். எல்ஐஎஸ்3டிஹெச் முடுக்க சென்சார் அப்படித்தான். ஏற்ற மறந்தால் ஆறு பைட்டும் ஒரே மதிப்பாக வரும். இரண்டாவது, எஸ்எம்பஸ் பிளாக் வாசிப்பின் எல்லை 32 பைட். அதற்கு மேல் வேண்டுமானால் ஐ2சி டிரான்ஸ்ஃபருக்குப் போங்கள்.

டிரைவருக்கு வெளியேயும் ஒரு வீண் செலவு உண்டு. ஐஐஓவில் பிஎம்இ280-க்கு வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் என்று மூன்று ஃபைல். அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் திருத்திச் சொல்ல வெப்பம் தேவை, அதனால் அவற்றைப் படிக்கும்போதும் டிரைவர் வெப்பத்தையும் சேர்த்தே படிக்கிறது. மூன்று ஃபைலைத் திறந்தால் வெப்பம் மூன்று தடவை படிக்கப்படும். வேண்டாத ஃபைலைத் திறக்காதீர்கள். திறக்கும் ஃபைலையும் ஒவ்வொரு தடவையும் மூடித் திறக்கவேண்டியதில்லை. திறந்தே வைத்து, பூஜ்யத்துக்கு நகர்த்தி மறுபடி படித்தால் புது அளவு வரும்.

6. அதன் பிறகே கிளாக்கை ஏற்றுங்கள்

எல்லோரும் முதலில் தொடும் இடம் இது, நான் ஆறாவதாக வைத்திருக்கிறேன். மேசையில் பத்து சென்டிமீட்டர் ஒயரில் 400 கிலோஹெர்ட்ஸ் ஜோராக ஓடும். அதே போர்டைக் குளிர் அறையில் மூன்று மீட்டர் கேபிளோடு மாட்டினால் பாதி வாசிப்பு தோற்கும். பைட்டைக் குறைப்பதற்கு இந்த ஆபத்து கிடையாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஈதர்நெட் கேபிள் மீட்டருக்கு 50 பிகோஃபாரட் அளவில் இருக்கும், மூன்று மீட்டருக்கு 150. புல்-அப் (ஒயரை மேலே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) 4.7 கிலோஓம் மட்டும் இருந்தால், சிக்னல் எழ ஆகும் நேரம் 0.8473 பெருக்கல் ஓம் பெருக்கல் ஃபாரட்: ஏறக்குறைய 600 நானோசெகண்ட். 400 கிலோஹெர்ட்ஸுக்கு 300 வரைதான் அனுமதி. 100 கிலோஹெர்ட்ஸுக்கு 1000 வரை போகலாம், அதனால் அந்த வேகத்தில் அதே கேபிள் ஓடும். ராஸ்பெர்ரி பையின் சொந்த 1.8 கிலோஓம் புல்-அப் இருப்பதால் நிறையப் பேர் தெரியாமலே தப்பித்துக்கொள்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 4.7 கிலோஓம் உள்ள மாட்யூல் ஐந்தை ஒரே பஸ்ஸில் மாட்டினால், பையின் 1.8-ஓடு சேர்ந்து மொத்தம் 620 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 3.3 வோல்ட்டில் 3 மில்லிஆம்பியர் இழுக்கும் சிப்புக்கு 970 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. கூடுதல் மாட்யூல்களின் புல்-அப்பை எடுத்துவிடுங்கள்.

ராஸ்பெர்ரி பையின் கான்ஃபிக் ஃபைலில் ஐ2சி ஆர்ம் பாட்ரேட் வரியிலும், மற்ற போர்டுகளில் டிவைஸ் ட்ரீயின் கிளாக் ஃப்ரீக்வென்சியிலும் எழுதுங்கள். எழுதியது நடந்ததா என்று அனலைசரில் பாருங்கள். பழைய பைகளின் ஐ2சி வன்பொருளில், சென்சார் கிளாக்கைப் பிடித்து நிறுத்தினால் குழம்பும் ஒரு கோளாறு உண்டு. அப்படிப்பட்ட சென்சாரை ஐ2சி ஜிபிஐஓ ஓவர்லே வழியாக ஓட்டுங்கள். மெதுவாக இருந்தாலும் அளவு சரியாக வரும்.

7. காத்திருப்பதை ஒழுங்காகச் செய்யுங்கள்

எம்ஸ்லீப் 1 என்று எழுதினால் ஒரு மில்லிசெகண்டில் திரும்பும் என்று நினைக்காதீர்கள். அது டிக் (கெர்னலின் டைமர் துடிப்பு) கணக்கில் ஓடுகிறது. டிக் 100 ஹெர்ட்ஸ் உள்ள கெர்னலில் 20 மில்லிசெகண்ட் வரைகூட இழுக்கும். 20 மில்லிசெகண்டுக்குக் கீழே யூஸ்லீப் ரேஞ்ச் போடுங்கள். யோசிக்க விருப்பமில்லை என்றால் எஃப்ஸ்லீப், நேரத்துக்கு ஏற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். யூடிலே சிபியுவைப் பிடித்துவைத்துச் சுற்றும், பத்து மைக்ரோசெகண்டுக்கு மேல் அதை நாடாதீர்கள்.

டேட்டாஷீட்டின் அதிகபட்ச நேரம் முழுக்கத் தூங்குவதைவிட, வழக்கமான நேரம் வரை தூங்கிவிட்டு, பிறகு ஸ்டேட்டஸ் பிட்டைப் பார்ப்பது நல்லது. ரெக்மேப் ரீட் போல் டைம்அவுட் அதற்காகவே இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலிருந்தே இடைவெளி விடாமல் ஸ்டேட்டஸைக் கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் அடைபட்டு, பக்கத்து சென்சார் திணறும்.

8. மாறாததைத் திரும்பப் படிக்காதீர்கள்

அளவுத்திருத்த எண்களும் அமைப்பு ரெஜிஸ்டர்களும் மாறாதவை. தொடக்கத்தில் ஒரு தடவை படித்து வைத்துக்கொண்டால் போதும். ரெக்மேப் கேஷ் இதைச் செய்துதரும், ஒரு நிபந்தனையோடு: மாறும் ரெஜிஸ்டர்கள் எவை என்று வாலட்டைல் பட்டியலில் நீங்கள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வாசிப்பு அசுர வேகம்! வெப்பம் மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்கு இருந்ததே ராத்திரி பத்துக்கும் இருக்கும். மதுரையில் மே மாதம் என்றால் அதையும் நம்பிவிடுவோம், அதுதான் சிக்கல்.

மெதுவாக மாறும் அளவையும் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம். கடைசியாகப் படித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு விநாடிக்குள் இன்னொருவர் கேட்டால் அதையே கொடுங்கள். நேரத்தை ஒப்பிட டைம் ஆஃப்டர் மேக்ரோவைத்தான் பயன்படுத்தவேண்டும், நேரடியாகப் பெரிது சிறிது பார்க்கக்கூடாது. 32 பிட் கெர்னலில் ஜிஃபீஸ் என்ற டிக் எண்ணி, பூட் ஆன ஐந்தாவது நிமிடத்திலேயே சுற்றித் தொடக்கத்துக்கு வரும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பிழை உங்கள் மேசையிலேயே வெடிக்கட்டும் என்பதற்காக! ஐந்து நிமிடம்கூட ஓடவிடாமல் சோதனையை முடிப்பவர்களிடம் மட்டும் அது தப்பித்துவிடும்.

9. நொடிக்கு நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் ஃபைஃபோவும் பஃபரும்

குளிர் அறைக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மோட்டார்க்காரர்களுக்கு இதுதான் முக்கிய வேலை.

முதலில் பஸ் தாங்குமா என்று பாருங்கள். 100 கிலோஹெர்ட்ஸ் பஸ் நொடிக்கு அதிகபட்சம் 11,111 பைட் சுமக்கும். முடுக்கமும் சுழற்சியும் அளக்கும் எம்பியு6050 சென்சாரில் இரண்டும் சேர்த்து ஒரு அளவுக்கு 12 பைட், 1000 அளவுக்கு 12,000. போகாது. என்ன நிரல் எழுதினாலும் போகாது. முடுக்கம் மட்டும் என்றால் 6,000 பைட், பஸ்ஸில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். இங்கே 400 கிலோஹெர்ட்ஸ் கட்டாயம். அதற்கும் மேலே போனால் எஸ்பிஐ என்ற வேகமான பஸ்ஸுக்கு மாறுங்கள். மாறும்போது டிஎம்ஏ (சிபியு இல்லாமல் நினைவகத்துக்கு நேரே போகும் பரிமாற்றம்) செய்யும் பஃபர் ஸ்டாக்கில் இருக்கக்கூடாது என்பதை மறக்காதீர்கள்.

அடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் இண்டரப்ட் வாங்கினால் நொடிக்கு 1000 தடவை த்ரெட் எழவேண்டும். ஃபைஃபோவில் சேரவிட்டு 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அள்ளினால் பத்துத் தடவை போதும். எம்பியு6050-இன் ஃபைஃபோ 1024 பைட். 100 மில்லிசெகண்டில் 600 பைட் சேரும், அள்ளத் தாமதமானால் இன்னும் 70 மில்லிசெகண்ட் தாங்கும். இந்தச் சிப்பில் இவ்வளவு நிரம்பினால் சொல் என்று வாட்டர்மார்க் வைக்கும் வசதி கிடையாது, வழிந்த பிறகுதான் சொல்லும். எனவே டைமர் வைத்து அள்ளுங்கள். வாட்டர்மார்க் உள்ள சிப் என்றால் அந்த இண்டரப்டையே நம்பலாம்.

வழிந்துவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்ற முயலாதீர்கள். 1024-ஐ ஆறால் வகுத்தால் நான்கு மிஞ்சும். வழிந்ததும் வரிசை நகர்ந்து, எக்ஸ் அச்சு ஒய் அச்சாகத் தெரியும். எண்கள் பார்க்க ஒழுங்காகவே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஃபைஃபோவை ரீசெட் செய்து புதிதாகத் தொடங்குங்கள். சாதாரணமாக அள்ளும்போதும் முழு ஆறுகளாகவே எடுங்கள். ஃபைஃபோ ரெஜிஸ்டரின் முகவரி நகராது என்பதால் ரெக்மேப் நோஇன்க் ரீட் பொருத்தமானது.

ஐ2சி பரிமாற்றம் தூங்கக்கூடியது. நேரடி இண்டரப்ட் ஹேண்ட்லரில் அதை அழைத்தால் கெர்னல் கத்தும். ரெக்வஸ்ட் த்ரெடட் ஐஆர்க்யூ போட்டு, மேல் பாதியில் (உடனே ஓடும் ஹேண்ட்லரில்) நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, வாசிப்பைத் த்ரெடில் செய்யுங்கள். நேரத்தை மேல் பாதியில் எடுக்கக் காரணம், த்ரெட் எப்போது எழும் என்று சொல்லமுடியாது. அள்ளிய நூறு அளவுக்கும் ஒரே நேர முத்திரை குத்துவது இன்னொரு பிழை. கடைசி அளவின் நேரத்திலிருந்து ஒரு மில்லிசெகண்டாகப் பின்னால் எண்ணிக் கொடுங்கள்.

அளவுகளை யூசர் பக்கம் அனுப்ப ஐஐஓ பஃபர் இருக்கிறது, சொந்தமாக ஒன்று கட்டவேண்டாம். பஃபரின் வாட்டர்மார்க்கை நூறாக வைத்தால், படிக்கும் புரோகிராமும் நூறுக்கு ஒரு தடவைதான் எழும். நேர முத்திரை 8 பைட் எல்லையில்தான் உட்காரும், அதனால் ஆறு பைட் டேட்டாவுக்குப் பின் இரண்டு பைட் காலி. அந்தக் காலியைக் கணக்கில் சேர்க்காமல் பிரித்தால் எல்லா எண்ணும் குப்பையாக வரும்.

10. பூட்டைச் சுருக்குங்கள்

அமைப்பை எழுதி, காத்திருந்து, படிப்பது வரைக்கும் அந்த சென்சாரின் மியூடெக்ஸைப் பிடித்துக்கொள்வது சரி. பஸ்ஸின் பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்குவது தவறு. அதே பஸ்ஸில் உள்ள மற்ற எல்லாம் நிற்கும். ஐ2சி டிரான்ஸ்ஃபர் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தானே பூட்டித் திறக்கிறது, நீங்கள் தனியாகப் பூட்டவேண்டிய தேவை அநேகமாக வராது. ஸ்பின்லாக்குக்குள் (தூங்க அனுமதிக்காத பூட்டு) பஸ்ஸைத் தொடவே கூடாது. யூனிட் மாற்றும் கணக்கு, லாக் அச்சிடுவது எல்லாம் பூட்டுக்கு வெளியே.

11. களத்தில் மறுபடி அளங்கள்

மூன்றாவது படியில் எடுத்த அதே எண்களை, அதே முறையில் மறுபடி எடுங்கள். ஒவ்வொரு படிக்கும் தனி கமிட் போட்டிருந்தால், எது எவ்வளவு கொடுத்தது என்று தெரியும். எது கெடுத்தது என்பதும் தெரியும்.

மேசையில் எடுத்த எண் களத்துக்குப் பொருந்தாது. மோட்டார் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் இருக்கும் பை 80 டிகிரியைத் தாண்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டைமர் தாமதமாகும், ஃபைஃபோ வழியும். அதனால் வழிந்த எண்ணிக்கையையும் தோற்ற வாசிப்புகளின் எண்ணிக்கையையும் டிரைவரே எண்ணி, டீபக்எஃப்எஸ் (கெர்னலின் டீபக் ஃபைல்கள்) வழியாகக் காட்டும்படி செய்துவிடுங்கள். மத்தியான வெயிலில் ஒரு தடவை, மோட்டாரைப் போடும்போதும் நிறுத்தும்போதும் ஒரு தடவை அந்த எண்களைப் பாருங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் மட்டும் தோல்வி எண்ணிக்கை ஏறினால், டிரைவரை விட்டுவிட்டு கேபிள் போன பாதையைப் பாருங்கள். பெரும்பாலும் அது மோட்டாரின் பவர் ஒயரோடு ஒரே குழாய்க்குள் போயிருக்கும்.